ஐந்தாம் வளையத்துத் தலைவர்

மார்ச் 4, செவ்வாய்

பெயர்ப்பலகைக்கு வாசகம் வேண்டும் என்று இயக்குநர் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். அறுபது சொல்லுக்குள் இருக்க வேண்டுமாம். எதற்கெடுத்தாலும் "சுருக்கமா, சுருக்கமா" என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சுருக்கமய்யா என்றே பெயர். ஐந்தாம் வளையத்தைப் பற்றிய என் கட்டுரை அச்சில் நாற்பத்திரண்டு பக்கம். அடிக்குறிப்புகள் தனி. அதை அறுபது சொல்லில் சொல்ல வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். மேட்டுநிலத்தின் உச்சியில் ஐந்து கல்வளையங்கள், அதாவது அந்தக் காலத்து வட்டக் குடிசைகளின் அடிச்சுவர்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் மேட்டில் முதன்முதலில் குடியேறியவர்கள் கட்டியவை. நாலு வளையங்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன, அவை குடிமக்களுடையவை. ஐந்தாவது தோளுயரம் நிற்கிறது, அது தலைவருடையது. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய குறுகிய வாசல், அவருடைய அதிகாரம். உள்ளே சின்னத் தடுப்பு, அவர் மக்களைச் சந்தித்த அறை. சுவரடியில் ஒரு துளை, சடங்குக்கு. இவ்வளவையும் பதினோரு வருடத்துக்கு முன் கண்டுபிடித்துச் சொன்னவன் நான். அந்தக் கட்டுரையால்தான் துணை ஆய்வாளர் ஆனேன்.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதையும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் பார்ப்பாள்.

"என்னங்க, அந்தத் தலைவருக்குப் பொண்டாட்டி உண்டா?"

ஆதாரம் இல்லை என்றேன்.

"இருந்திருந்தா அந்த வாசலை இடிச்சுப் பெரிசாக்கியிருப்பா. தண்ணிக்குடத்தோட எப்படி நுழையறது?"

இதற்கெல்லாம் அடிக்குறிப்பு போட முடியாது.

மார்ச் 6, வியாழன்

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். திறப்பு விழா ஏப்ரல் 26, அமைச்சர் வருகிறார். தெற்குச் சரிவில் நூற்றிருபது வண்டி நிறுத்தும் இடம். மார்ச் 31 அன்று புல்டோசர் வரும். சரிவில் பழம்பொருள் எதுவும் இல்லை என்று எங்கள் துறை எழுதித் தர வேண்டும்.

"அதான் ஏற்கெனவே எழுதிட்டீங்களே சார்" என்று என் பழைய அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டினார். 'சரிவில் பெரணிப் புதருக்குள் கிடப்பவை பொருட்படுத்தத் தேவையில்லாத கற்குவியல்கள்.' வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

கையேட்டுக்குப் படம் எடுக்க மேலே போனேன். ஐந்தாம் வளையத்துக்குள் நின்று கேமராவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். மழைக்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ், பின்னால் ஆடுகள், ஆடுகளுக்குப் பின்னால் ஒரு நாய்.

"சார், பட்டிக்குள்ள இருக்கீங்க. கொஞ்சம் வெளிய வாங்க, ஆட்டை அடைக்கணும்."

"இது ஆட்டுப்பட்டி இல்லம்மா. தலைவர் மாளிகை."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "யாரு தலைவரு?"

விளக்கினேன். என்னால் முடிந்த அளவு எளிமையாகத்தான் விளக்கினேன். முழுக்கக் கேட்டாள், மரியாதையாகவே கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க மாமனாரும் அவரு தம்பியும் கட்டினது சார் இது. எங்க வீட்டுக்காரர் பொறந்த வருஷம். இப்ப அவருக்கு நாப்பத்திமூணு."

சிரித்தேன். களத்தில் இப்படிப்பட்ட கதைகள் கிடைக்கும். குறித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். ஆனாலும் கேட்டு வைப்போமே என்று கேட்டேன்: வாசல் ஏன் இவ்வளவு குறுகல்?

"ஒவ்வொண்ணா வந்தாத்தானே எண்ண முடியும்?"

உள்ளே தடுப்பு?

"குட்டி போட்ட ஆட்டைத் தனியா விடறதுக்கு. இல்லாட்டி மத்தது மிதிச்சிடும்."

கீழே துளை? இதைக் கேட்கும்போது என் சிரிப்பு கொஞ்சம் வற்றிப்போயிருந்தது.

"குட்டிங்க மட்டும் வெளிய போய் இளம்புல்லு மேயும். பெரிசுங்களால போக முடியாது. எங்க மாமனார் மூளை சார் அது! அவரைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் எல்லாரும் வச்சாங்க."

கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"பக்கத்துல வட்டவட்டமா நாலு இடத்துல சும்மா கெடந்துச்சாம். எடுத்துக்கிட்டாங்க."

அந்த நாலு வட்டமும் ஏன் தரையோடு தரையாக இருக்கின்றன என்று என் கட்டுரையில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. 'ஏற்றத்தாழ்வின் தோற்றம்' என்று தலைப்பு.

வெளியே வந்து நின்றேன். ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவள் எண்ணினாள்.

மார்ச் 12, புதன்

அவள் சொல்வது செவிவழிச் செய்தி. ஆதாரம் ஆகாது.

மார்ச் 13, வியாழன்

வெறும் செவிவழிச் செய்தி.

மார்ச் 14, வெள்ளி

போகாமல் இருந்திருக்கலாம். ஏன் போனேன்?

அன்றைக்கு அவள் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தாள். சுவர் கட்டும்போது மாமனாருடைய தேநீர்க் குவளை இடுக்கில் விழுந்துவிட்டதாம், மேலே கல் வைத்த பிறகுதான் கவனித்தாராம், மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்காகத் திட்டினாராம். வாசலுக்கு இடப்பக்கம், அடிவரிசை.

அப்படி ஒன்றும் இல்லை என்று நிரூபிக்கத்தான் கொத்துக்கரண்டியோடு போனேன். மேல் கற்களுக்குச் சாக்கட்டியால் எண் போட்டு, வரிசையாக எடுத்துவைத்து, முறைப்படிதான் செய்தேன். அடிவரிசைக் கல் இரண்டுக்கும் நடுவில் நீலமாக ஏதோ தெரிந்தது.

எனாமல் குவளை. கைப்பிடி ஒடிந்திருக்கிறது. அடியில் தொழிற்சாலை முத்திரை.

போச்சு. எல்லாம் போச்சு. நாற்பத்திரண்டு பக்கம் – ஏற்றத்தாழ்வின் தோற்றம் – சடங்குத் துளை! கருத்தரங்கில் சடங்குத் துளை பற்றி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். கை தட்டினார்கள். அத்தனை பேரில் ஒருத்தர் ஆடு வளர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கற்களை எண்படி திருப்பி அடுக்கினேன். குவளையைப் பையில் போட்டுக்கொண்டேன். திருடன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இறங்கினேன். யாரும் இல்லை. எந்த நேரத்திலும் யாரும் இருக்கமாட்டார்கள் அங்கே; அதற்குத்தான் நூற்றிருபது வண்டிக்கு இடம்.

மார்ச் 16, ஞாயிறு

சமையலறையில் குவளை பளபளவென்று கவிழ்ந்திருந்தது. மனைவி தேய்த்துக் கழுவிவிட்டாள்.

"பையில என்ன இப்படி அழுக்குக் குவளையை வச்சிருக்கீங்க? எந்தக் கடையில எடுத்தீங்க?"

"அது சான்று!"

"எதுக்கு?"

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சடங்குத் துளை வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சரி. என்ன செய்யப் போறீங்க?"

ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது என்றேன்.

"நான் கேட்டது அதில்லயே."

மார்ச் 18, செவ்வாய்

இயக்குநரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, மேசையில் குவளையை வைத்துச் சொன்னேன்.

அவர் குவளையைத் தொடவில்லை. "யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, என் மனைவிக்கு, அந்த ஆட்டுக்கார அம்மாவுக்கு."

"அந்தம்மா எதாவது ஆய்விதழ் படிப்பாங்களா?"

"தெரியல சார்."

"படிக்கமாட்டாங்க. அப்போ பிரச்சினை இல்ல." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாருங்க, உண்மைங்கறது ஒரு நாள்ல வர்றதில்ல. படிப்படியாத்தான் வரும். விழா முடியட்டும், ஒரு குழு போடுவோம். குழு அறிக்கை தரும், அறிக்கையை ஆராய இன்னொரு குழு. அதுக்குள்ள நீங்களும் நானும் ஓய்வுல இருப்போம்."

"பலகையில மூவாயிரம் வருஷம்னு போட்டிருக்கு சார்."

"கல்லு மூவாயிரம் வருஷத்துக் கல்லுதானே? கல்லு என்ன நாப்பது வருஷத்துக்கு முன்னாடியா முளைச்சுது? சுருக்கமா யோசிங்க."

வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். குவளையை அலுவலக மேசை இழுப்பறையில் போட்டேன். பேனா போட்டுவைக்கச் சரியாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

தரையோடு கிடக்கும் அந்த நாலு வளையத் தடங்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஏறினேன். பார்த்தேன். கல் பிடுங்கிய குழிகள் ஒவ்வொன்றிலும் தெளிவாகத் தெரிந்தன. பதினோரு வருடத்துக்கு முன்பும் தெரிந்திருக்கும். நான் அதிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். குழி கண்ணில் படவில்லை.

மதியம் காற்று கிளம்பியது. மேட்டுக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டேயிருக்கும், நிற்க விடாது. மூடுபனியும் சேர்ந்துகொண்டது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. "சார், இந்தப் பக்கம்!" என்று கீழேயிருந்து குரல். தெற்குச் சரிவில் இறங்கினேன். பெரணிக்குள் அவளும் நாயும், சுற்றிலும் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நடுவில் போய் உட்கார்ந்தேன். காற்று நின்றுவிட்டது. தலைக்கு மேலே வீசிக்கொண்டிருந்தது, எங்களைத் தொடவில்லை.

"மேல பட்டி இருக்கறப்போ ஏன் இங்க கொண்டு வந்தீங்க?"

"நான் எங்க கொண்டு வந்தேன்? காத்து அடிச்சா அதுங்களே இங்கதான் வரும். பட்டியில சுவரு உசரமே தவிர வாசல் காத்துக்கு நேரா இருக்கு. மாமனார் அதை மட்டும் கோட்டை விட்டுட்டாரு."

ஒரு ஆட்டை நகர்த்திவிட்டு அது சாய்ந்திருந்த கல்லைப் பார்த்தேன். நிறுத்திவைத்த கல். பக்கத்தில் இன்னொன்று. பெரணியை ஒதுக்கிக்கொண்டே போனேன் – முழங்கால் உயரத்துக்குக்கூட இல்லை, ஆனால் வரிசை விடவில்லை. உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சின்னக் கல் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். சரிவை வெட்டித் தரையைச் சமன்படுத்தியிருக்கிறார்கள். வளைந்து வளைந்து வந்து கடைசியில் என் பூட்ஸுக்கே திரும்பி வந்தது. ஒரே ஒரு இடைவெளி. இரண்டு பக்கமும் இரண்டு நெட்டுக் கல். வாசல். காற்றுக்கு முதுகைக் காட்டி, காலை வெயிலைப் பார்த்து.

'பொருட்படுத்தத் தேவையில்லாத கற்குவியல்கள்.'

"இதே மாதிரி இன்னும் இருக்கா?"

"இந்தச் சரிவு பூரா இருக்கு சார். எட்டோ ஒம்பதோ. ஆடு படுக்கற எடமெல்லாம் எனக்குத் தெரியும்."

அவளோடு நடந்தேன். எட்டு.

புல்டோசர் வர இன்னும் பத்து நாள்.

மார்ச் 24, திங்கள்

சரிவில் முதலில் பார்த்த வளையத்தின் வாசலுக்கு உள்பக்கம் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் தோண்டினேன். தோல்போல ஒரு புல்தரை, கறுப்பு மண், அதன் கீழே மிதித்து மிதித்து இறுகிய தரை. சிக்கிமுக்கிக் கல் சில்லுகள் மூன்று. கரி. கரித்துண்டுகளை உறையில் போட்டு ஆய்வகத்துக்கு எழுதினேன்.

அப்புறம் வாசற்கல். பெரிய தட்டைக் கல், ஒரு ஆள் படுக்கிற அகலம். மண்ணைத் துடைத்தபோது நடுவில் குழிந்திருந்தது. தட்டு மாதிரி வழவழவென்று. உளி வைத்துச் செதுக்கியது கிடையாது. கால். கால் பட்டுப் பட்டு. எத்தனை தலைமுறை ஏறி இறங்கினால் இந்தக் கல் தேயும்? தண்ணீர் எடுக்க, விறகுக்கு, பிள்ளையைத் தேடி, மழை வருதான்னு பார்க்க.

முப்பது வருடமாகத் தலைவர்களைத் தேடியிருக்கிறேன். வாசற்படியில் இதுவரை கை வைத்துப் பார்த்ததில்லை.

மார்ச் 25, செவ்வாய்

படிவம் 11. துணை ஆய்வாளர் எவரும் தன் கையெழுத்தில் ஒரு இடத்துக்குத் தொண்ணூறு நாள் தற்காலிகப் பாதுகாப்புக் கொடுக்கலாம். மேலதிகாரி ஒப்புதல் தேவையில்லை. நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் இதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. ஏன் என்று ஒன்பதாம் கட்டத்துக்கு வந்ததும் புரிந்தது.

'9. முந்தைய மதிப்பீட்டில் பிழை செய்த அலுவலரின் முழுப்பெயர்.'

'அக்கால ஆய்வாளர்' என்று எழுதிப் பார்த்தேன். 'களக்குழு' என்று எழுதிப் பார்த்தேன். 'அன்றைய அறிவியல் வளர்ச்சி நிலை' என்றுகூட எழுதினேன், அழகாகத்தான் இருந்தது. மூன்று படிவம் வீணாயிற்று. படிவம் வழங்கும் எழுத்தர் நாலாவதைக் கொடுக்கும்போது, "சார், கட்டத்துக்குள்ள பேர் மட்டும்தான் கொள்ளும்" என்றார்.

எழுதினேன். தலைப்பெழுத்தோடு.

அதே கையோடு ஆய்விதழுக்கும் ஒரு கடிதம்: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

சுருக்கமய்யா முக்கால் மணி நேரம் பேசினார்.

முதலில் கத்தினார். அமைச்சர், அழைப்பிதழ், பலகை, துறையின் மானம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். இதுவரை அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது கிடையாது.

"சரி, வண்டி நிறுத்தற எடத்தை வடக்குப் பக்கம் மாத்திடறேன். பொறியாளர் கிட்டப் பேசிட்டேன். ஆனா அந்த ஒம்பதாம் கட்டம்... அதுல உங்க பேர் எதுக்கு? உங்க பேர் இருந்தா, மேற்கையெழுத்துப் போட்டவன்னு என் பேரும் வரும். வேற பேர் போடுங்க."

"வேற யார் பேரு?"

"அந்த அறிக்கைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் இருந்தாரே. அவர்தான் தப்பாப் போட்டாருன்னு எழுதுங்க."

"அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு சார்."

"அதான் சொல்றேன். அவருக்கென்ன நட்டம்?"

வரைபடக்காரர் என்னோடு எட்டு வருடம் அந்த மேட்டில் ஏறியவர். அந்தச் சரிவைப் பார்த்து, "இதையும் அளந்துடலாமா?" என்று கேட்டவரே அவர்தான். நேரமில்லை என்று சொன்னது நான். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இயக்குநர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

"அவர் பேரை எழுதமாட்டேன் சார்."

"அப்போ உங்களை நான் காப்பாத்த முடியாது."

எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வந்தேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓய்வூதியத்தைத்தான் கணக்குப் போட்டேன்.

மார்ச் 31, திங்கள்

படிவத்துக்கு அனுப்புகை எண் போட்டுத்தான் வெளியே விட வேண்டுமாம். எண் போடுகிறவர் பத்து மணிக்கு வந்தார், பேனாவைத் தேடினார், பதிவேட்டைத் தேடினார். நான் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபது. வடக்குப் பக்கம் மாற்றியது இயக்குநருக்குத் தெரியும், பொறியாளருக்குத் தெரியும், புல்டோசருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இன்ஜின் சத்தத்தை நோக்கி ஓடினேன். ஐம்பத்திநாலு வயதில் மேட்டில் ஓடுவதென்றால்! புல்டோசருக்கு முன்னால் ஆட்டுக்கார அம்மா இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள். நாய் சக்கரத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

"சார் வந்துட்டாரு! காகிதம் கேட்டியே, இந்தா காகிதம்!"

ஓட்டுநர் இறங்கி வந்து படிவத்தை இரண்டு பக்கமும் படித்தார். ஒன்பதாம் கட்டத்தில் விரல் வைத்தார்.

"இது யாரு சார்?"

"நான்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்புப் பண்ணினவரே வந்து நிறுத்தறதை இப்பதான் சார் பாக்குறேன்." போய் இன்ஜினை அணைத்தார்.

ஆனால் ஒரு வளையம் போய்விட்டது. கடைசி வளையம், சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. வாசற்கல் இரண்டாக உடைந்து மண்குவியலில் கிடந்தது. காலையிலேயே போயிருந்தால் தப்பியிருக்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அளந்திருந்தாலும் தப்பியிருக்கும். அனுப்புகை எண் 417.

ஏழு இருக்கின்றன.

ஏப்ரல் 26, சனி

விழா நடந்தது. ஐந்தாம் வளையத்தில்தான். அழைப்பிதழ் அச்சான பிறகு வரலாற்றை மாற்ற முடியாதாம்.

எனக்கு மேடையில் இடமில்லை, நாற்காலியும் இல்லை. சுவருக்கு வெளியே, ஒலிபெருக்கிக்காரருக்குப் பக்கத்தில் நின்றேன். விழா நாளில் மேட்டில் ஆடு கூடாது என்று துறை எழுத்தில் உத்தரவு போட்டிருந்தது. நான்கு மணிக்கு மேற்கே கருத்தது. அமைச்சர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு குறுகிய வாசல் வழியாக நுழைந்து, உள்ளே நின்று கையசைத்தார். புகைப்படக்காரர்கள் சுவர்மேல் ஏறினார்கள். இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்தக் குறுகிய வாசல், தலைவரின் அதிகாரத்தை..." என்று ஆரம்பித்தார்.

ஆடுகள் வந்தன. பட்டி அடைகிற நேரம். உத்தரவை அவை படித்திருக்கவில்லை. முதல் ஆடு இயக்குநரின் காலுக்குப் பக்கத்தில் நுழைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, முண்டாமல், வாசலின் அகலத்துக்கு அளவெடுத்தமாதிரி. அமைச்சரைச் சுற்றி நின்றுகொண்டன. இயக்குநர் விடவில்லை. "இதோ இந்தச் சடங்குத் துளை..." என்றார். அந்த நேரம் பார்த்து இரண்டு குட்டிகள் துளை வழியாக வெளியே போய் புல் கடிக்க ஆரம்பித்தன. மூன்றாவது பாதியில் தலையை நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தது.

சரி, இப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அமைச்சர், ஓடிவந்த ஆட்டுக்கார அம்மாவிடம் கேட்டார்: "இதுகளுக்கு யாரும்மா இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க. அதுங்க வீடு."

அமைச்சர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது. "கேட்டீங்களா! மூவாயிரம் ஆண்டு மரபு! நாம மறந்துட்டோம், இந்த வாயில்லா ஜீவன்கள் மறக்கல!"

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். நான், "ஐயா, அது நாப்பத்திமூணு வருஷத்துப் பட்டி!" என்று கத்தினேன். ஒலிபெருக்கிக்காரர் மட்டும் திரும்பி, "உஷ்" என்றார்.

மழை வந்தது. எல்லாரும் ஓடினார்கள். ஆடுகள் இருந்தன.

ஏப்ரல் 29, செவ்வாய்

பலகையில் திருத்தம் செய்திருக்கிறார்கள். 'தலைவர் மாளிகை' என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'தலைவரின் ஆடுகளும் இங்கேயே வசித்தன.'

மே 8, வியாழன்

மாற்றல் உத்தரவு. துணை ஆய்வாளர் பதவி போனது. இனி 'மேட்டுநிலக் காவல் மற்றும் அளவைப் பணி'. அலுவலக அறை இல்லை. மேட்டில் ஒரு தகரக் கொட்டகை. கட்டுரையைத் திரும்பப் பெறும் என் கடிதம் ஆய்விதழில் நாலு வரியாக வந்திருக்கிறது, இரங்கல் செய்திகளுக்குக் கீழே.

மனைவி உத்தரவை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள்.

"தண்டனைன்னு சொன்னீங்க. இதுல மேட்டுலயே இருக்கணும், கல்லை அளக்கணும்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"அதைத்தானே சின்ன வயசுல ஆசைப்பட்டுச் சேர்ந்தீங்க?"

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். உப்பு அதிகம், சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆய்வகத்திலிருந்து கரியின் வயது வந்தது. மூவாயிரத்து நானூறு வருடம், முன்பின் நாற்பது. இயக்குநரின் பேட்டி செய்தித்தாளில் வந்திருக்கிறது: 'தெற்குச் சரிவில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் உள்ளுணர்வு.' ஜூனில் ஒருமுறை நீட்டித்திருந்த தொண்ணூறு நாள் பாதுகாப்பை நிரந்தரமாக்கி அவரே கையெழுத்திட்டிருக்கிறார். படமும் போட்டிருக்கிறார்கள். படத்தில் அவர் நிற்பது ஐந்தாம் வளையத்தில்.

போகட்டும். கையெழுத்து செல்லும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சரிவின் ஆறாவது வளையத்து வாசலை இன்று மண் நீக்கி முழுதாக வெளிக்கொண்டு வந்தோம். மற்றவற்றில் வாசல் மண்ணால் தூர்ந்திருந்தது, இதில் கல். நெட்டுக் கல் இரண்டுக்கும் நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக, இடுக்கில் சின்னக் கல் செருகி அடைத்திருக்கிறார்கள். வேலை வெளிப்பக்கத்திலிருந்து நடந்திருக்கிறது: கல்லின் நல்ல முகம் வெளியே பார்க்கிறது. உள்ளே தரை சுத்தம். அடுப்பில் சாம்பல்கூட இல்லை, அள்ளியிருக்கிறார்கள். ஒரு மூலையில் அரைக்கும் கல், முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தது.

அளவு நாடாவின் மறுமுனையை ஆட்டுக்கார அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். "பூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றாள். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "திரும்பி வரலாம்னு நெனச்சிருப்பாங்களோ, என்னவோ" என்றாள்.

ஏன் போனார்கள்? மழை மிஞ்சிப்போய் மேடு சதுப்பான காலம் என்று சொல்லலாம். நோய் என்று சொல்லலாம். சடங்கு என்றால் உடனே நாற்பது பக்கம் வரும். கை தானாகவே அந்தப் பக்கம் போனதை உணர்ந்தேன்.

மாதாந்தரப் படிவத்தில் 'வாசல் அடைக்கப்பட்டதன் நோக்கம்' என்று ஒரு கட்டம். 'தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினேன். மதியமே தொலைபேசியில் எழுத்தர் கூப்பிட்டார். அந்தக் கட்டத்தை அப்படி நிரப்பிப் பழக்கமில்லையாம், இயக்குநர் ஏதாவது எழுதச் சொல்கிறாராம், சுருக்கமாகவாவது.

"அதைவிடச் சுருக்கமா எனக்கு எழுதத் தெரியாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

மூன்று மணிக்கு வெயில் வந்தது. அடைப்புக் கற்களுக்கு எண் போட்டு முடித்தோம். நாற்பத்தேழு. எதையும் எடுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று பெரணியை மேலே இழுத்துவிட்டு வந்தோம்.